பட்டாலாக்காரி எங்கள் வீட்டுக்கு வந்த கதை

விழுப்புரம்
ஐப்பசி, அடைமழை

அடி என் அன்பு ராட்சசிக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் உன் சின்னவன் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். வாட்ஸப்பில் அடித்தால் பாதியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டுகிறாய். அதனால் பேப்பரும் பேனாவும். நேற்றிலிருந்து மழை விடவில்லை, பட்டறைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. உனக்கு நேரம் இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது, படி.

முதலில் நீ சுற்றி வளைத்துக் கேட்ட கேள்வி. ஆமாம்டி, லேத் ஓட்டுகிறேன். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை, நானாகத்தான் போனேன். "டிப்ளமா படிச்ச பொண்ணக் கொண்டுபோயி பட்டறையில நிக்க வெச்சிட்டாங்க" என்று உன் அம்மா காது வரை சேதி வந்திருக்கிறது என்றால், அது திண்டிவனத்தில் எந்தத் தையல் மெஷினிலிருந்து கிளம்பியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்தில் அந்தத் தையல்காரி வருவதற்குள் பந்தி முடிந்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, நீ கோயம்புத்தூரில் டிவியில் பார்த்திருப்பாய். நாங்கள் ஜன்னலில் பார்த்தோம். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். புதுச்சேரியில் 49. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே ஏறி ஓடியது. அந்த மழைத் தண்ணீரில் திண்டிவனத்தில் மயிலம் ரோட்டு லேத்து மாமா ஷெட்டும் மாட்டிக்கொண்டது. நினைவிருக்கிறதா, நம் இரண்டு பேருக்கும் பம்பரத்துக்கு ஆணி கடைந்து கொடுப்பாரே, அவரேதான்.

பாவம், அவருக்குக் கண் மங்கிப் பல வருஷம் ஆகிறது. ஷெட்டைப் பூட்டியே வைத்திருந்தார். முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ளே வந்து மோட்டாரை முழுக்காட்டிவிட்டது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு உடைந்து மழையெல்லாம் லேத்தின் பெட்மேல் இறங்கியது. அப்படியே சித்திரை வரை கிடந்திருக்கிறது. மகன்கள் இரண்டு பேரும் சென்னையில். அவர்களுக்கு அந்த இடத்தின் மேல்தான் கண். பைபாஸ் பக்கம் மனை என்ன விலை போகிறது என்று உனக்குத் தெரியும். லேத்தைப் பழைய இரும்புக்குப் பேசி முடித்து, காயலாங்கடைக்காரர் கேஸ் கட்டரோடு வந்து நிற்கிற நாளில்தான் மாமா என் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அப்பா எனக்கு. நான் மாமனாருக்கு. மாமனார் சட்டையைக் கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டார். அதே இரும்பு விலைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெரிய மகன் முகத்தில் சந்தோஷம், சின்னவன் முகத்தில் "இதுல ஏதோ இருக்குது, கம்மியா கேட்டுட்டோம்" என்கிற சந்தேகம்.

அங்கேதான் மாமனாரை நான் முதல் தடவை மரியாதையாகப் பார்த்தேன். (அதுவரை மருமகளாகப் பார்த்தேன்.) வண்டிக்குத் தோதாக இருக்கட்டும் என்று ஒரு பையன், பெட்மேல் நகருகிற சாடிலைப் பிடித்துத் தள்ளப் போனான். "கைய எடுடா!" என்று போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது. விஷயம் என்னவென்றால், சாடிலுக்கும் பெட்டுக்கும் நடுவில் வண்டலும் துருவும் புகுந்திருக்கும். அப்படியே தள்ளினால் அதுவே எமரித் தாளாகி, மிச்சம் இருக்கிற பெட்டையும் தேய்த்துவிடும். அங்கேயே கெரசின் ஊற்றி, ஊறவிட்டு, பெயின்ட் பிரஷால் வழித்து, மறுபடி ஊற்றி, சாடிலைக் கழற்றித் தனியாகத்தான் ஏற்றினார். செயின் பிளாக், கடப்பாரை, உருட்ட நாலு பைப். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் மினி லாரியின் பின்னால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். கல்யாணம் ஆகி என்னை அழைத்து வந்தபோது கூட முன் சீட்டில்தான் வந்தார் அந்த மனுஷன்.

வீட்டில் வரவேற்பைக் கேட்கிறாயா? மாமியார் வாசலில் நின்று, "இந்தச் சனியன எங்கடா எறக்கப் போறீங்க?" என்றார். மாட்டுக்கொட்டகையில். மாடு விற்று நாளாகிறது, இடம் சும்மாதான் கிடந்தது. மாமனாரின் பட்டறை ஸ்டேஷன் பக்கம் இருக்கிறதே, அங்கே இன்னொரு லேத்துக்கு இடமில்லை.

பெயின்டைச் சுரண்டினேன். பச்சை, அதற்குள் சாம்பல், அதற்குள் பட்டி, அதற்குள் இன்னொரு பச்சை. கால் பக்கம் வார்ப்பிலேயே எழுத்து தெரிந்தது: பட்டாலா. பஞ்சாபில் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் இருக்கிற ஊர். தெருவுக்குத் தெரு ஃபவுண்டரி. அங்கிருந்துதான் இந்தியா முழுக்கச் சின்னப் பட்டறைகளுக்கு மலிவு லேத் போயிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயர் பட்டாலாக்காரி.

மாமனாருக்கு இதில் ஒரு சின்ன வருத்தம். அவர் பொன்மலை ஒர்க்ஷாப்பில் அப்ரன்டிஸ் முடித்தவர். லேத்திலும் அவருக்கு ஜாதி உண்டு. மேலே எச்.எம்.டி. 1953இல் பெங்களூரில் சுவிட்சர்லாந்து ஓர்லிகான் கம்பெனியின் துணையோடு அரசாங்கம் ஆரம்பித்தது. அதற்கடுத்து ஹரிஹரில் 1941இல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர். அப்புறம் உன் ஊர் பி.எஸ்.ஜி. இதெல்லாம் கடன் வாங்க முடிந்தவர்கள் வாங்கினது. பட்டாலா, கையில் காசு வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள் வாங்கினது. "இரும்பு நல்லாதான் இருக்குது. வேலதான் கொஞ்சம் முரடு" என்பது அவர் தீர்ப்பு. எனக்கு அது போதும். நாம் இதில் விமான உதிரிபாகமா செய்யப்போகிறோம்? கரும்பு ஜூஸ் மெஷின் ரோலர், மல்லாட்டை உடைக்கிற மெஷின் ஷாஃப்ட், போர் மோட்டார் ஸ்லீவ், ரோட்டவேட்டர் புஷ். விழுப்புரம் ஜில்லாவில் கடைசல் வேலை என்றால் இதுதான்.

துருவைக் கேள். சின்னச் சாமான்களுக்கெல்லாம் நான்தான் வைத்தியம். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், சலவை சோடா. துரு பிடித்த கியரை நடுவில் தொங்கவிட்டு, சுற்றிலும் பழைய கம்பித் துண்டுகள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் கியருக்கு, பிளஸ் கம்பிக்கு. மறுநாள் எடுத்துத் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாகக் கையோடு வந்துவிடும், அடியில் இரும்பு குறையாது. கொழுந்தன் உதவி செய்கிறேன் என்று எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கம்பிக்குப் பதில் கட்ட வந்தான். விரட்டிவிட்டேன். எவர்சில்வரில் இருக்கிற குரோமியம் கரைந்து தண்ணீரே விஷமாகிவிடும். தவிர, அது மாமியாரின் சீர்வரிசைத் தட்டு. எது பெரிய ஆபத்து என்று நீயே முடிவு செய்துகொள். டிரம்மிலிருந்து ஹைட்ரஜன் வேறு கிளம்பும், அதனால் வெட்டவெளியில்தான் வைக்கவேண்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

பெட்டை மட்டும் மாமனார் யாரையும் தொடவிடவில்லை. எமரித் தாள் பக்கத்திலேயே வரக்கூடாது என்று உத்தரவு. அதன் பொடி வார்ப்பிரும்பில் பதிந்துவிட்டால் காலத்துக்கும் அரித்துக்கொண்டே இருக்குமாம். கெரசின், பழைய பிளேடு, கோணித் துணி, பொறுமை. அழுக்கு போன பிறகு என் கையைப் பிடித்து, கடைகிற சாமானைப் பிடிக்கிற சக்குக்குப் பக்கத்தில் பெட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் ஒரு சின்னப் படியில் தட்டியது. அந்த ஓரமாகவே மறுகோடி டெயில்ஸ்டாக் வரை இழுத்துக்கொண்டு போனேன். போகப் போகப் படி கரைந்து, கடைசியில் ஒன்றுமே தட்டவில்லை. எல்லா வேலையும் சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் அங்கேதான் பெட் தேயும். லேத்து மாமா அத்தனை வருஷமும் எங்கே நின்றார் என்று அந்தப் படி சொல்கிறது பார். இப்போது நானும் அங்கேயேதான் நிற்கிறேன்.

பெட்டைக் கிரைண்டிங் போடலாமே என்பாய். போடலாம், சென்னைக்கோ உங்கள் ஊருக்கோ அனுப்பவேண்டும். அந்தக் காசில் இன்னொரு பட்டாலா வாங்கலாம். மாமனார் சாடிலை மட்டும் ஸ்கிரேப்பரால் சீவினார். நீலத்தைத் தடவி, பெட்மேல் வைத்து இழுத்து, எங்கே நீலம் ஒட்டுகிறதோ அந்த மேட்டைச் சீவி, மறுபடி தடவி. சாயந்திரங்களில் அதுதான் அவருக்கு சீரியல். பிறகு கான்கிரீட்டில் போல்ட் இறுக்கி, மட்டம் பார்த்து, காலுக்கடியில் தகடு சொருகினார். பெட் லேசாக முறுக்கிக்கொண்டாலே கடைகிற ஷாஃப்ட் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் இளைத்து வரும். ஒரு கம்பியில் பத்து அங்குல இடைவெளியில் இரண்டு வளையம் விட்டுக் கடைந்து, மைக்ரோமீட்டரில் இரண்டையும் அளந்தார். முதலில் ஆறு தவ் வித்தியாசம். தகடு மாற்றி மாற்றி ஒரு தவ்வுக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குடி. கரும்பு ஜூஸ்காரருக்கு இது தாராளம்.

இதுவரைக்கும் குடும்பத்தில் அமைதி. சண்டை மோட்டாரில்தான் ஆரம்பித்தது.

வீட்டு லைனில் லேத் ஓட்டக்கூடாது என்று கொட்டகைக்குத் தொழில் கணக்கில் தனி இணைப்பு வாங்கியிருக்கிறோம். ஆனால் சிங்கிள் ஃபேஸ். பட்டாலாக்காரியின் மோட்டார் 2 எச்.பி., த்ரீ ஃபேஸ், 415 வோல்ட். த்ரீ ஃபேஸ் இழுக்கக் கம்பம், கேபிள் என்று செலவு எங்கேயோ போனது. மாமனார், "சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒண்ணு போட்டுக்கலாம்" என்றார். கொழுந்தன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான் அல்லவா, அவனுக்கு எதுவும் புதுசாக, டிஸ்பிளேயோடு இருக்கவேண்டும். "டிரைவ் போடுங்கப்பா. வி.எஃப்.டி. போட்டா சிங்கிள் ஃபேஸ்லயே த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடும். ஸ்பீடு திருகினா ஏறும், திருகினா எறங்கும். இந்தக் கோன் புல்லி, பெல்ட்டு, பேக் கியர் எல்லாத்தையும் தூக்கிக் கடாசிடலாம்." அப்பாவும் பிள்ளையும் சாப்பாட்டுத் தட்டோடு சண்டை போட்டார்கள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார். "எலெக்ட்ரிகல் படிச்சவ ஒருத்தி வீட்டுல இருக்கறா. அவளக் கேக்க மாட்டீங்களா?" அன்றைக்கு மாமியாருக்கு நான் மனதுக்குள் கும்பிட்டதை அவரிடம் சொல்லிவிடாதே.

நான் சொன்ன தீர்ப்பு: டிரைவ் வேண்டும், பேக் கியரும் வேண்டும். கொழுந்தன் முகம் தொங்கிப்போனது. ஆனால் கணக்கைப் பார். கரும்பு ரோலர் 200 மில்லிமீட்டர் விட்டம் இருந்தால், வார்ப்பிரும்பை ஹைஸ்பீடு டூலில் நிமிஷத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் கடையவேண்டும். சக் நிமிஷத்துக்கு 32 சுற்றுதான் சுற்றவேண்டும். அதை டிரைவை மட்டும் குறைத்துக் கொண்டுவரலாம் என்றால், மோட்டார் முனகிக்கொண்டு ஊரும். 50 ஹெர்ட்ஸில் 2 எச்.பி. கொடுக்கிற மோட்டார் 10 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்கும். திருகுவிசை அதே அளவில்தான் நிற்கும், அதிகமாகாது. மோட்டாரின் ஃபேனும் அதே ஷாஃப்டில் இருப்பதால் அதுவும் மெதுவாகச் சுற்றி, மோட்டார் சூடாகும். பேக் கியர் போட்டால் மோட்டார் நிம்மதியாகத் தன் வேகத்தில் ஓடும், சக்கில் விசை பல மடங்காக வரும். வேகத்தைக் குறைப்பது வேறு, பலத்தைக் கூட்டுவது வேறு. பழைய ஆட்கள் அந்தக் கியரைச் சும்மா அலங்காரத்துக்கு வைக்கவில்லை. டிரைவின் வேலை நடுவில் இருக்கிற இடைவெளியை நிரப்புவது. 25இலிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை நான் ஓட்டுகிறேன், மிச்சத்தை பெல்ட்டும் கியரும் பார்த்துக்கொள்கின்றன.

மாமனார் அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

அடுத்த சிக்கல் உனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பாலிடெக்னிக்கில் ஸ்டார் டெல்டா டயக்ராமை என்னைப் பார்த்துத்தான் வரைந்தாய். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் வாங்குகிற டிரைவ் 230 வோல்ட்தான் த்ரீ ஃபேஸாகத் தரும், 415 தராது. நம் மோட்டார் உள்ளுக்குள் ஸ்டாரில் கட்டியது. 415ஐ ரூட் 3ஆல் வகுத்தால் ஒரு வைண்டிங்குக்கு 240 வோல்ட். அப்படியானால் டெல்டாவாக மாற்றினால் 230இலேயே அது முழுப் பலத்தோடு ஓடும். ஆனால் டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் ஆறு வயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுதான். ஸ்டார் முடிச்சு உள்ளேயே புதைந்து கிடக்கிறது.

ஸ்டேஷன் பக்கம் ரிவைண்டிங் கடை தாத்தாவிடம் கொண்டுபோனோம். முதலில் இன்சுலேஷன் பார்க்க மெக்கர் வைத்தார், முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. வெள்ளம் இன்னும் உள்ளே இருந்தது. டிரம்முக்குள் 200 வாட் குண்டு பல்பு போட்டு மோட்டாரைக் கவிழ்த்துவைத்துக் காயவிட்டார். முள் மெல்ல எழுந்ததும்தான் கை வைத்தார். காயில் தலைப்பில் கட்டியிருந்த பருத்தி நாடாவை மூங்கில் சிம்பால் நெம்பினார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை, எனாமல் கீறிவிடுமாம். கறுத்துப்போன வார்னிஷுக்கு அடியில் விரலால் தடவித் தடவி ஒரு இடத்தில் நின்றார். "இந்தா, கெடக்குது பாரு." சுண்டுவிரல் நகம் அளவு மேடு. ஸ்லீவை உரித்தால் மூன்று முனை முறுக்கிப் பற்றவைத்த முடிச்சு. அதைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புது வயர் பற்றவைத்து, கண்ணாடிநார் ஸ்லீவ் மாட்டி, மெழுகு நூலால் காயிலோடு சேர்த்துக் கட்டி, ஆறு வயராக வெளியே எடுத்து, வார்னிஷ் ஊற்றி மறுபடி காயப்போட்டார். கண்ணாடி போடாமல் செய்தார்டி. கூலி கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது, மாமனார் கூடக் கொடுத்தார்.

உன் ஊர்க்காரர் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து 1937இல் இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைச் செய்தார்கள் என்று நீ பெருமை அடித்துக்கொள்வாயே. அடித்துக்கொள். ஆனால் அந்த மோட்டார்களை ஊர் ஊராக உயிரோடு வைத்திருப்பது இந்த மாதிரித் தாத்தாக்கள். அவர்கள் பெயரில் எங்கேயும் மியூசியம் கிடையாது.

டிரைவை மாட்டினது நான். அதைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். 2 எச்.பி. மோட்டாருக்கு 3 எச்.பி. டிரைவ் வாங்கினேன், ஏனென்றால் பெரும்பாலான டிரைவ் 40 டிகிரி வரைக்கும்தான் முழு வேலை செய்யும். விழுப்புரத்துக் கத்திரி வெயிலில் தகரப் பெட்டிக்குள் 40 என்பது குளிர்காலம். திறந்து மாட்டலாம் என்றால் வார்ப்பிரும்புப் பொடி காற்றில் பறந்து உள்ளே போய் ஷார்ட் அடிக்கும். அதனால் பெரிய பெட்டி, ஃபில்டர் போட்ட ஃபேன், சக்குக்கு எதிர்ச்சுவரில். மெயினை அணைத்தாலும் உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். பெட்டிமேல் சிவப்பு மையில் "அணைத்து 10 நிமிஷம் கழித்துத் திற" என்று எழுதினேன். கொழுந்தன் கீழே "இப்படிக்கு, மருமகள்" என்று சேர்த்துவிட்டான். கரண்ட் போய் வந்தால் லேத் தானாக ஓடக்கூடாது என்றும் செட் செய்துவிட்டேன். அது ரொம்ப முக்கியம். 2012இல் நாள் முழுக்கக் கரண்ட் போய் வந்த காலத்தில் பட்டறைக்காரர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று மாமனார் சொல்லக் கேட்டால் நீ அழுவாய்.

லேத்தில் பழைய கைப்பிடி ஸ்விட்ச் ஒன்று உண்டு, முன்னே தள்ளினால் நேராக, பின்னே இழுத்தால் ரிவர்ஸ். அதை அப்படியே டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கலாம் என்று கொழுந்தன் சொன்னான். ஓடும்போது நடுவில் வெட்டினால் டிரைவே போய்விடும். அதனால் கைப்பிடியை விட்டுவைத்து, அதன் வயரை மட்டும் டிரைவின் சிக்னல் முனைக்குக் கொண்டுபோய்விட்டேன். மாமனார் கை பழகினபடியே தள்ளுகிறார், இழுக்கிறார். உள்ளே நடப்பது வேறு.

ஓடின முதல் நாள் ஊர்க்கலாட்டா. எதிர்வீட்டுத் தாத்தா காலையில் ரேடியோவில் செய்தி கேட்பார். சரியாக நாங்கள் ஆன் செய்த நேரம், செய்தி வாசிப்பவர் குரல் போய் "கொய்ய்ங்". தெரு முழுக்க, "அந்த வீட்டு மருமக ஏதோ மெஷினு போட்டு ரேடியோவக் கெடுத்துட்டா" என்று பேச்சு. மோட்டாருக்குப் போகிற வயரை ஷீல்டு கேபிளாக மாற்றி, இரண்டு முனையிலும் எர்த் செய்து, நீளத்தையும் குறைத்ததும் அடங்கிவிட்டது. தாத்தா நேரில் வந்து பார்த்துவிட்டு, தன் வாக்கிங் ஸ்டிக்குக்கு ஒரு பித்தளை மூக்கு கேட்டார். செய்து கொடுத்தேன். இப்போது தெருவில் எனக்கு வக்கீல் அவர்தான்.

புடவை, துப்பட்டா எதுவும் பட்டறைக்குள் கிடையாது. சுடிதார் மேல் இறுக்கமாகக் காக்கிச் சட்டை, கொண்டை, வளையல் கழற்றி வைத்துவிடுவேன். கையுறையும் கூடாது, நூல் ஒன்று சிக்கினால் போதும், கையையே உள்ளே இழுத்துவிடும். முதலில் வளையலைக் கழற்றியதற்குத்தான் மாமியார் முணுமுணுத்தார். ஆயுத பூஜைக்கு அவரே வந்து பட்டாலாக்காரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, என் வளையலை எடுத்து டெயில்ஸ்டாக் கைப்பிடியில் மாட்டிவிட்டார். சனியன் என்ற வார்த்தை அதோடு போச்சு.

சரி, இவ்வளவு கதையும் ஒரு காரியமாகத்தான். லேத்தின் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. 1956இலேயே மெட்ரிக் சட்டம் வந்தாலும் லேத்துகள் அங்குலத்தை விடவில்லை. பைப்புக்கு அது சௌகரியம், அங்குல மரைதான். ஆனால் டிராக்டர், ரோட்டவேட்டர் போல்ட்டெல்லாம் மில்லிமீட்டர். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் 127 பல் கியர் இருந்தால்தான் கணக்கு துல்லியமாக வரும். ஸ்பிண்டில் பக்கம் 20 பல், லீட் ஸ்க்ரூ பக்கம் 127 போட்டால் அச்சாக 1 மில்லிமீட்டர் மரை விழும். லேத்து மாமா கியர் பெட்டியில் எல்லாம் இருந்தது, 127 மட்டும் இல்லை. வெள்ளத்தோடு போனதோ, காயலாங்கடைக்காரர் பாக்கெட்டில் போனதோ.

அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை போடும்போது அந்த ஸ்க்ரூவைக் கவ்வுகிற ஹாஃப் நட்டை விடவே கூடாது, ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் பின்னால் வரவேண்டும். டிரைவ் இருப்பதால் அது எனக்குச் சுலபம். பட்டாலாக்காரியின் சக் மரையில் ஏறியது, திடீரென்று நிறுத்தினாலோ ரிவர்ஸ் அடித்தாலோ கழன்று காலில் விழும் என்பதால் நிற்கிற நேரத்தையும் கிளம்புகிற நேரத்தையும் நீட்டி வைத்துவிட்டேன், பயப்படாதே.

ஆகவே நீ செய்யவேண்டியது: உக்கடமோ, நீ காய்கறி வாங்கப் போகிற பக்கத்துப் பழைய சாமான் கடைகளோ, எங்கேயாவது அந்த 127 பல் கியரைத் தேடிப் பார். கிடைக்காவிட்டால் கியர் வெட்டுகிற பட்டறை ஒன்றில் செய்யச் சொல். 127 பல், மாடூல் 1.5, வெளிவிட்டம் 193.5 மில்லிமீட்டர் வரும். நடு ஓட்டைக்கும் சாவிக்காடிக்கும் மாமனார் வரைந்த படத்தை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். வார்ப்பிரும்பு போதும், நைலான் வேண்டாம். கடைக்காரர் 125ஐக் கொடுத்து "அதே தாம்மா" என்பார். நம்பாதே, நின்று எண்ணிப் பார்த்து வாங்கு. பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டுவா, பணத்தை இப்போதே உன் கணக்கில் போட்டுவிடுகிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரி